செம்மறிக் குட்டியின் வளர்ச்சியும் கொட்டகைச் சூழ்நிலையும்

(பண்ணை ஒலிபரப்பில் கால்நடை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஆடு வளர்க்கிறவர்கள் மருத்துவமனைக்கு வந்தால் அடிக்கடி சொல்கிற குறை ஒன்று உண்டு. "நல்ல ஆடாப் பார்த்துத்தாங்க வாங்கினேன். தீனியும் குறை வைக்கலே. ஆனா குட்டி தேறவே மாட்டேங்குது, ஒரு டானிக் எழுதிக் கொடுங்க" என்பார்கள். டானிக் எழுதிக் கொடுப்பது சுலபம். ஆனால் அநேகமாகக் கோளாறு குட்டியின் வயிற்றில் இருப்பதில்லை. குட்டிக்கு மேலே இருக்கிற கூரை, கீழே இருக்கிற தரை, சுற்றி வருகிற காற்று, குடிக்கிற தண்ணீர் ஆகியவற்றில்தான் இருக்கும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

நான் கண்ணால் பார்த்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். திருச்சி தில்லை நகரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிற நண்பர் ஒருவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். துறையூர் பக்கம் பூர்வீக நிலம் கொஞ்சம் உண்டு. ஓய்வூதியப் பணத்தில் ஆட்டுப் பண்ணை வைப்பது என்று முடிவு செய்து, நிலத்தில் கொட்டகை கட்டினார். சிமெண்டுத் தரை, நாலு பக்கமும் ஆள் உயரச் சுவர், மேலே தகரக் கூரை, இரும்புக் கதவு. பார்ப்பதற்கு ஆபீஸ் மாதிரி இருக்கும். மாசி மாதத்தில் சமயபுரம் ஆட்டுச் சந்தையில் 20 சினை ஆடுகள் வாங்கினார். எல்லாம் திருச்சி கருப்பு ஆடுகள்.

அதே சந்தையில், அதே வியாபாரியிடம், அதே நாளில், பக்கத்து நிலத்து ஆத்தா ஒருவர் 4 ஆடுகள் வாங்கினார். அவருக்குக் கொட்டகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வேப்பமரம், அதை ஒட்டிப் பனையோலைச் சாய்ப்பு, சுற்றிலும் கிளுவை வேலி. அவ்வளவுதான்.

பங்குனியில் ஆடுகள் குட்டி போட்டன. ஆனி மாதம் நண்பர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். குட்டிகளுக்கு வயது இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்தோம். நண்பருடைய குட்டிகள் 5½ கிலோ, 6 கிலோ. நாலு குட்டி ஏற்கெனவே செத்துப் போயிருந்தது. ஆத்தாவின் குட்டிகள் எட்டு கிலோவுக்கு மேலே. பணம் போட்டவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு செலவு பண்ணி நான் ஏமாந்தேனா சார்?" என்று கேட்டார். ஆத்தாவோ, "எனக்கு என்னங்க தெரியும், மரத்தடியிலே கெடக்குது" என்றார்.

ஆட்டில் வித்தியாசம் இல்லை. மேய்ச்சலும் ஒரே பொறம்போக்கில்தான். அப்படியானால் எங்கே வித்தியாசம்?

வெப்பம் தாயைத் தாக்கினால் குட்டியைத் தாக்கும்

முதலில் கூரையைப் பார்ப்போம். நம் திருச்சி வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரி வெயில் சர்வசாதாரணம். தகரக் கூரையின் கீழே அது இன்னும் ஏறும். பகலெல்லாம் காய்ந்த தகரமும் சுவரும் உள்ளே அனலை வீசிக்கொண்டே இருக்கும். நண்பருடைய கொட்டகை வடக்குத் தெற்காக நீண்டது. ஆகவே காலையில் கிழக்குச் சுவரும், மாலையில் மேற்குச் சுவரும் முழு நீளத்துக்கும் வெயிலை வாங்கின. ஆனியில் வெளியே காற்று விசிறி அடிக்கிறது. உள்ளே ஒரு துரும்பு அசையவில்லை. சுவர்தான் ஆள் உயரம் ஆயிற்றே!

ஆடு நம்மைப் போல வேர்த்துக் கொட்டி உடம்பைத் தணித்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சாதாரணமாகப் பெரிய ஆடு நிமிஷத்துக்கு 20 முதல் 30 தடவை மூச்சு விடும். நீங்கள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு விலா அசைவதை எண்ணிப் பாருங்கள். நூறைத் தாண்டினால் அந்த ஆடு வெப்பத்தில் தவிக்கிறது என்று அர்த்தம். மூச்சிரைக்கிற ஆடு தீனி தின்னாது. தின்ற தீனியும் உடம்பில் ஒட்டாது.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். வயிற்றுக் குட்டியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடைசி ஆறு வாரத்தில்தான் கூடுகிறது. அந்தச் சமயத்தில் தாய் வெப்பத்தில் இருந்தால், சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கு அதிகமாகப் போகும். கருப்பைக்குப் போவது குறையும். தாய் தின்பதும் குறைவு. ஆக, குட்டி பிறக்கும்போதே எடை குறைந்து பிறக்கும். நம் பக்கத்துச் செம்மறிக் குட்டி சாதாரணமாக 2 முதல் 2½ கிலோ இருக்கும். ஒன்றரைக் கிலோவில் பிறந்த குட்டிக்கு எழுந்து நின்று காம்பைப் பிடிக்கவே தெம்பு இருக்காது. தாய்க்கும் மடியில் பால் சுருங்கிப் போயிருக்கும். நண்பருடைய ஆடுகள் மாசி முதல் பங்குனி வரை அந்தத் தகரத்தின் கீழ்தான் இருந்தன. குட்டியின் நஷ்டம் பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

வேப்பமரத்தடியில் அப்படி இல்லை. இலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும், தகரம் மாதிரி சூட்டைக் கீழே இறக்காது. காற்றும் தடையில்லாமல் போகும். ஆத்தா செய்தது சாஸ்திரம் படித்துச் செய்ததில்லை. ஆனால் சரியாகத்தான் செய்திருந்தார்.

குட்டி மூக்கு இருக்கிற உயரத்தில் மூக்கை வையுங்கள்

அடுத்தது தரையும் காற்றும். நண்பருடைய கொட்டகை 20 அடி நீளம், 10 அடி அகலம். அதாவது 200 சதுர அடி. ஒரு பெட்டை ஆட்டுக்கு 10 சதுர அடி, குட்டிக்கு 4 சதுர அடி இடம் வேண்டும். 20 ஆட்டுக்கும் 20 குட்டிக்கும் கணக்குப் பார்த்தால் 280 சதுர அடி ஆகிறது. 80 சதுர அடி குறைவு. நெருக்கடியில் வலுத்த குட்டி காம்புக்கும் தொட்டிக்கும் முண்டியடித்துப் போய்விடும். இளைத்த குட்டி ஒதுங்கி ஒதுங்கி மேலும் இளைக்கும்.

நின்றுகொண்டு பார்த்தால் உள்ளே நாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கண் எரிந்தது, மூக்கு காந்தியது. ஆட்டு மூத்திரம் சிமெண்டில் தேங்கி அழுகும்போது அம்மோனியா என்கிற காற்று கிளம்புகிறது. நம் மூக்கு அஞ்சு அடி உயரத்தில் இருக்கிறது. குட்டியின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண். படுத்தால் தரையோடு தரை. ராத்திரி முழுக்க அது அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. அம்மோனியா மூச்சுக் குழாயின் உள்பக்கத்தை அரித்துவிடும். அப்புறம் சளி, இருமல், நிமோனியா எல்லாம் சுலபமாக உள்ளே போகும். மருந்து கொடுத்தால் ஒரு வாரம் நிற்கும். தரை மாறாவிட்டால் மறு வாரம் திரும்ப வரும்.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆட்டை வெளியே விடுவதற்கு முன் கொட்டகைக்குள் போய் ஒரு நிமிஷம் உட்காருங்கள். உங்கள் கண் எரிந்தால் குட்டி வளராது. இதற்கு டாக்டரும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

கிடை போடுகிறவர்கள் அறிந்த பாடம்

இப்போது கட்டிடமாக நிற்கிற தில்லை நகர் ஒரு காலத்தில் வயல்வெளி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவது இன்றைக்கும் காவிரிப் பாசனப் பகுதி முழுக்க உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். இன்றைக்கு இந்த வயல் என்றால் நாளைக்கு அடுத்த வயல். நமக்கு எரு கிடைக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். ஆட்டுக்குக் கிடைப்பது என்ன தெரியுமா? தினம் ஒரு புதுத் தரை!

இதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. ஆட்டுப் புழுக்கையோடு வயிற்றுப் புழுவின் முட்டை வெளியே விழுகிறது. ஈரமும் கதகதப்பும் இருந்தால் அந்த முட்டை பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் அடுத்த ஆட்டைத் தொற்றுகிற பருவத்துக்கு வந்துவிடும். குட்டிகளுக்கு ரத்தம் கலந்த கழிச்சலைக் கொடுக்கிற காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியோ இரண்டு மூன்று நாளிலேயே தயாராகிவிடும். மூன்று நாலு வாரக் குட்டிக்குத்தான் இது முதலில் பிடிக்கும். குட்டி தரையை நக்கும், தாயின் அழுக்கு மடியைச் சூப்பும், அதன் வழியே உள்ளே போகும். கிடை இடம் மாறிக்கொண்டே இருந்தால் கிருமி தயாராகும் வேளையில் குட்டி அங்கே இருக்காது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அடைக்கிற நாம் என்ன செய்ய வேண்டும்? குட்டி அங்கேயே இருப்பதால் புழுக்கையைத்தான் அப்புறப்படுத்த வேண்டும். தினமும் கூட்டுங்கள். தரை காய வேண்டும். காய்ந்த தரையில் கிருமி பெருகாது.

ஆடு சுற்றி மேய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பனி காயாத அதிகாலையில், ஈரப் புல்லின் நுனியில் புழுவின் இளம் பருவம் ஏறி நிற்கும். வெயில் வந்து பனி உலர்ந்த பிறகு குட்டிகளை மேயவிடுங்கள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உள்ளே செவசெவ என்று இருக்க வேண்டும். வெளிறிப் போயிருந்தாலோ, தாடையின் கீழ் பை மாதிரி வீங்கியிருந்தாலோ ரத்தம் குடிக்கிற புழு வயிற்றில் இருக்கிறது. உடனே மருத்துவரிடம் காட்டி, குட்டியின் எடைக்குத் தக்கபடி மருந்து கொடுக்க வேண்டும். குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

நண்பர் செய்த மாற்றங்கள்

நண்பர் கொட்டகையை இடிக்கவில்லை. செய்தது இவ்வளவுதான்.

ஒன்று, சுவரை மூன்றடி உயரத்தோடு நிறுத்திவிட்டு, மேலே கம்பி வலை அடித்தார். நரி, நாய் வராது. காற்று வரும்.

இரண்டு, தகரத்தின் மேல் பனையோலையும் தென்னங்கீற்றும் பரப்பிக் கட்டினார். மேற்குப் பக்கம் அகத்தியும் வேம்பும் நட்டார். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், ஓரத்தில் 8 அடி உயரம் வையுங்கள், மேட்டு நிலத்தில் கட்டுங்கள்.

மூன்று, சிமெண்டுத் தரையின் ஒரு பாதியில், தரைக்கு மூன்றடி உயரத்தில் மரச் சட்டங்களால் பரண் போட்டார். புழுக்கையும் மூத்திரமும் சந்து வழியே கீழே போய்விடும். சந்து அரை அங்குலத்துக்கு மேல் போனால் குட்டியின் குளம்பு மாட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. மற்ற பாதியில் காய்ந்த மணலும் வைக்கோலும் போட்டு, நனைந்ததை அன்றன்றே மாற்றினார்.

நாலு, வெளியே கொட்டகையைப் போல இரண்டு மடங்கு இடத்துக்குக் கிளுவை வேலி போட்டு, பகலில் நடமாட விட்டார். நெருக்கடி போய்விட்டது.

ஐந்து, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை நிழலுக்கு மாற்றினார். சூடான தண்ணீரை ஆடு தேவையான அளவு குடிக்காது. தண்ணீர் குறைந்தால் பால் குறையும். தொட்டியை வாரம் ஒரு முறை சுண்ணாம்பு அடித்துக் காயவைப்பது நல்லது.

ஆறு, ஒரு மூலையில் குட்டி மட்டும் நுழைகிற சந்து வைத்துத் தடுப்புக் கட்டி, குட்டித் தீவனம் வைத்தார். 15 நாள் குட்டி கொறிக்க ஆரம்பித்துவிடும். 100 கிலோ தீவனத்துக்கு உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்று கலக்கலாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடாதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். திடீரென்று அதிகமாக வைத்தாலும், மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேயவிட்டாலும் துள்ளுமாரி வரும். அது நோஞ்சான் குட்டியை விட்டுவிட்டுக் கொழுத்த குட்டியைத்தான் முதலில் கொண்டுபோகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

மழைக்காலப் பாடம்

அதே ஆடுகள் மறுபடி சினைப்பட்டு, ஐப்பசி கடைசியில் குட்டி போட்டன. இந்தத் தடவை கதை திரும்பிவிட்டது. நண்பருடைய குட்டிகள் கூரைக்கு அடியில், காய்ந்த பரணில் கிடந்தன. ஆத்தாவின் பனையோலைச் சாய்ப்பு ஒழுகியது. மரத்தடி சேறாகிவிட்டது. நாலு குட்டியில் இரண்டு மூன்றாம் நாளே போய்விட்டது.

நான் போனபோது ஆத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "மழைக்குட்டி நிக்காதுங்க டாக்டரய்யா, அதுக்கு நாம என்ன பண்றது? இதுகளை ஆடிக்கு வித்துப் பேத்தியைக் காலேஜிலே சேக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஏனென்றால் அந்தக் குட்டிகளைக் காப்பாற்றியிருக்கலாம்.

"ஆத்தா, மழையிலே பொறந்ததாலே போகலே. ஈரத்திலே கெடந்ததாலே போச்சு" என்று சொன்னேன். பிறந்த குட்டி நனைந்து பிறக்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நமக்கு இதமாக இருக்கிற வாடைக்காற்றே அதற்குக் கொடும் குளிர். சூட்டைக் காப்பாற்ற அதன் உடம்பில் இருக்கிற கொழுப்பு சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும்.

ஆகவே குட்டி விழுந்ததும் தாய் நக்கட்டும். மீதி ஈரத்தைச் சாக்கு, பழந்துணி கொண்டு துடையுங்கள். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் வேண்டாம். ஆட்டில், நோயை எதிர்க்கிற சக்தி கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குப் போவதில்லை. சீம்பாலில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதை இழுத்துக்கொள்ளாது. இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர், பல தடவையாகப் போக வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் முதலில் குட்டியைச் சூடாக்க வேண்டும். முடங்கிக் கிடக்கிற குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

தாயையும் குட்டியையும் மூன்று நாலு நாள் தனியே, காற்று நேரே அடிக்காத காய்ந்த இடத்தில் வையுங்கள். வாடை வீசும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா கட்டுங்கள். நாலு பக்கமும் மூடினால் மறுபடி அம்மோனியாதான். கொட்டகையைச் சுற்றிச் சேறு தேங்கவிடாமல் வாய்க்கால் வெட்டுங்கள். நீலநாக்கு நோயைப் பரப்புகிற கொசுவினும் சிறிய பூச்சி அந்தச் சேற்றில்தான் பெருகுகிறது. நம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு அந்த நோய் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தில்லை நகர் நண்பர், "ஆத்தா, மீதி ரெண்டு குட்டியையும் தாயையும் ராத்திரிக்கு நம்ம பரண்லே விடுங்க. இடம் இருக்கு" என்றார். கோடையில் அவர் ஆத்தாவிடம் கற்றுக்கொண்டார். மழையில் ஆத்தாவுக்கு அவர் உதவினார். அந்த இரண்டு குட்டிகளும் பிழைத்தன. தை மாதம் நிறுத்தபோது ஒன்று 9 கிலோ, மற்றொன்று அதற்குக் கொஞ்சம் மேலே. ஆத்தாவின் சாய்ப்புக்கும் இப்போது மேடு போட்டு, ஓலை மாற்றியாயிற்று.

எடை பாருங்கள், எழுதி வையுங்கள்

கடைசியாக ஒன்று. குட்டி வளர்கிறதா இல்லையா என்பதைக் கண் திட்டத்தில் சொல்ல முடியாது. தினமும் பார்க்கிற கண் ஏமாற்றும். ஒரு ஸ்பிரிங் தராசும் ஒரு சாக்கும் போதும். பிறந்த அன்றும், பிறகு 15 நாளுக்கு ஒரு தடவையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். 2.4 கிலோவில் பிறந்த குட்டி 90 நாளில் 9.6 கிலோ வந்தால், நாளொன்றுக்கு 80 கிராம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. அது நம் ஆட்டுக்கு நல்ல வளர்ச்சி. எடை ஏறாமல் நின்றால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் கொட்டகைக்குள் போங்கள். கூரை சுடுகிறதா? தரை நனைந்திருக்கிறதா? மூக்கு காந்துகிறதா? தண்ணீர் கொதிக்கிறதா? இடம் நெருக்கடியா? இந்த ஐந்தையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குட்டி சோர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் கூப்பிடலாம்.

நல்ல ஆட்டைச் சந்தையில் வாங்கலாம். நல்ல குட்டியை உங்கள் கொட்டகைதான் உண்டாக்க வேண்டும். நாளைக் காலை ஒரு நிமிஷம் அங்கே உட்கார்ந்து பாருங்கள், மீதியைக் குட்டியே உங்களுக்குச் சொல்லும்.